ஐந்து மைல் பொங்கல்

எம்.டி. காம்பஸின் முள்ளை வரைபடத்தின் நட்டநடுவில், அதாவது தம் ஸ்பிரிங் கம்பெனி இருக்கும் இடத்தில், ஊன்றினார். பென்சில் நுனி நிதானமாக ஒரு சுற்று சுற்றி வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு ஆபீசர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஏழாவது ஆளான கஜபதி நின்றபடி பார்த்தார். அவர் வெல்ஃபேர் அசிஸ்டென்ட். அசிஸ்டென்டுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது.

"அஞ்சு மைல்," என்றார் எம்.டி. "இந்த வட்டத்துக்குள்ள விளைஞ்சது மட்டும்தான் இந்த வருஷம் நம்ம பொங்கல் விருந்துல இருக்கணும். அரிசி, வெல்லம், காய், பழம், எல்லாம். கெஸ்ட்டுக்குக் குடுக்கற கூடையும் அப்படித்தான். ஜப்பான்ல புத்தாண்டுக்கு ஒவ்வொரு ஊர்க்காரனும் அவன் ஊர்ல விளைஞ்சதைத்தான் குடுக்கறான். அவன் ஸ்பிரிங் ஏன் நம்ம ஸ்பிரிங்கைவிட நல்லா இருக்குன்னு இப்பப் புரியுதா?"

யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

எம்.டி. ஜப்பானில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தார். அதற்கு முந்தைய வருஷம் ஜெர்மனி போய் வந்தபோது, காலை எட்டு மணிக்கு எல்லோரும் கேட்டருகே கையைக் காலை நீட்டி மடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மூன்றாம் நாள் ஒரு ஃபிட்டருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதும் ஜெர்மனி முடிவுக்கு வந்தது. அவர் வெளிநாடு போகாமல் இருந்த வருஷங்களில் பொங்கலுக்கு ஆளுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு கிடைத்தது. தொழிலாளர்கள் அந்த வருஷங்களைத்தான் நல்ல வருஷங்கள் என்பார்கள்.

"யார் பொறுப்பெடுத்துக்கறது?" என்று கேட்ட எம்.டி., பதிலுக்குக் காத்திருக்காமல் கஜபதியைப் பார்த்தார். "நீங்கதான். உங்களுக்கு நிலம் நீச்செல்லாம் இருக்கே."

நான்கு வருஷத்துக்கு முன்னால் இன்டர்வியூவில் கஜபதி சொன்ன வாக்கியத்தின் வினை அது. "எங்களுது விவசாயக் குடும்பம் சார்" என்று சொல்லியிருந்தார். அதில் பொய் ஒன்றுமில்லை. அவருடைய அப்பா துலுக்கானம் ஆயுள் பூராவும் ஏர் ஓட்டியவர்தான். ஓட்டிய நிலம் இன்னொருவருடையது என்பதை யாரும் கேட்கவில்லை, கஜபதியும் சொல்லவில்லை. அந்த நிலத்தின்மேல்தான் இப்போது கம்பெனியின் முலாம் பூசும் ஷெட் நின்றது. தொழிற்பேட்டை எஸ்டேட் வந்தபோது நிலம் கொடுத்தவருக்குப் பணம் வந்தது. உழுதவருக்கு ஒரு வேட்டி வந்தது. வேட்டி கிழிந்து, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டு மறுக்க ஆளில்லாத கதை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, கஜபதிக்கு எங்கோ நஞ்சையும் புஞ்சையும் உண்டு என்ற அளவில் வந்து நின்றிருந்தது. எங்கே என்று கேட்டால் மேற்கே கையைக் காட்டுவார். மேற்கே நிறைய இடம் இருந்தது.

இப்போது அந்தக் கதையைக் கைவிடவும் முடியாது. வெல்ஃபேர் ஆபீசர் அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குக் கஜபதி மனுப் போட்டிருந்தார். "பொங்கல் முடியட்டும், பார்ப்போம்" என்று எம்.டி. வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்தக் கம்பெனியில் மனிதர்களைத் தட்டை வைத்துத்தான் அடையாளம் காண்பது வழக்கம். தொழிலாளிக்கு அலுமினியத் தட்டு. ஸ்டாஃபுக்கு எவர்சில்வர். ஆபீசருக்குப் பீங்கான், பக்கத்தில் மடித்து வைத்த துணியோடு. சாம்பார் மூன்றுக்கும் ஒரே அண்டாவிலிருந்துதான் போனது. ஆனாலும் எவர்சில்வரில் விழும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கஜபதிக்குக் காது புளித்திருந்தது.

மறுநாள் காலை அவர் சைக்கிளில் கிளம்பினார், டிராயிங் செக்‌ஷன் புளூபிரின்ட் போட்டுக் கொடுத்த வட்டத்தோடு. வட்டத்துக்குள் முதலில் அகப்பட்டது அவர் குடியிருந்த மண்ணூர்பேட்டை. அங்கே வீட்டு வாடகை மட்டும் நன்றாக விளைந்தது. அதைத் தாண்டினால் எஸ்டேட். அம்பத்தூர் மார்க்கெட்டில் வெல்ல மண்டி தேவராஜிடம் போய் நின்று, உள்ளூர் வெல்லம் வேண்டும் என்றார்.

"வெல்லம் வேலூரு சார். மஞ்சா ஈரோடு. கரும்பு பண்ருட்டிலேர்ந்து வந்துகினு கீது. நானே ஆரணி," என்றார் தேவராஜ்.

"அப்ப இங்க விளையறது இன்னாதான்யா?" கஜபதிக்கு ஆபீஸ் தமிழ் நழுவிவிட்டது.

"நட்டு, போல்ட்டு. பானையில போட்டா வேவாது சார்."

உண்மையாகவே உள்ளூர் என்று சொல்லக்கூடியதாக அகப்பட்டது பால் ஒன்றுதான். அதிலும் ஒரு சிக்கல். கேன்டீனுக்குப் பால் ஊற்றும் லட்சுமணனின் எருமைகள் முத்தாபுதுப்பேட்டையில் இருந்தன. முத்தாபுதுப்பேட்டை பென்சில் கோட்டுக்கு வெளியே விழுந்திருந்தது. "ஒன்பது வருஷமா ஊத்திகினு கீறேன், இப்ப நான் வெளியூரா?" என்று லட்சுமணன் மல்லுக்கு நின்றார். "எருமைக்கு உன் பேப்பர் தெரியுமா சார்? அது மேயறது ஆவடி பக்கம், கோட்டுக்கு உள்ளார. படுக்கறதுதான் வெளிய." விவகாரம் எம்.டி. வரை போயிற்று. அரை நாள் யோசித்து அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். கறப்பது வட்டத்துக்குள் நடந்தால் பால் உள்ளூர்ப் பால். ஆகவே விருந்துக்கு நான்கு நாள் முன்பிருந்தே இரண்டு எருமைகள் விடிகாலையில் கம்பெனி வரைக்கும் நடந்து வந்து, டைம் ஆபீஸ் வாசலில் கறந்துவிட்டுப் போயின. வாட்ச்மேன் அவற்றுக்கு கேட் பாஸ் எழுதினான்.

வீட்டில் மனைவி நாகவல்லி இதையெல்லாம் கேட்டுவிட்டு, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "எதுக்குய்யா ஊரச் சுத்திகினு கீற? எங்க அண்ணன் கிட்ட இல்லாததா? புது நெல்லு கீது, மொச்ச கீது, கத்திரிக்கா, பூசணி, கேவுரு, அல்லாம் கீது. காட்டுப்பாக்கம் உன் வட்டத்துக்குள்ள வருதா இல்லியா?"

வந்தது. கோட்டுக்கு அரை விரற்கடை உள்ளே வந்தது. கஜபதி அதை முதல் நாளே பார்த்துவிட்டார். பிறருக்கு வரைபடத்தைக் காட்டும்போதெல்லாம் அந்த இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் காட்டினார்.

நாகவல்லியின் அண்ணன் கன்னியப்பன் காட்டுப்பாக்கத்தில் கோயில் நிலம் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தான். வருஷம் தவறாமல் போகியன்று தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவான். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை, ஹேண்டில்பாரில் பூசணி, தலையில் முண்டாசு, முழங்காலுக்கு மேல் வேட்டி. தெருமுனையிலிருந்தே "மாமே!" என்று ஒரு குரல் கொடுப்பான். அதே வரிசையில் கம்பெனியின் அக்கவுன்டன்ட் குடியிருந்தார். அந்தக் குரல் கேட்டதும் கஜபதி உள்ளே போய்க் காரணமில்லாமல் பீரோவைத் திறந்து மூடுவார்.

"உங்க அண்ணனுக்குக் கார்டு போட்டிருக்கேன்," என்றார். "இந்த வருஷம் சீர் ஒண்ணும் கொண்டாரத் தேவையில்லைன்னு. கம்பெனியிலயே ஏகப்பட்டது வருது."

நாகவல்லி கையை நிறுத்தினாள். "சீரு வாணாம்னு எழுதினியா? அண்ணன் கீறவளுக்கு சீரு வாணாம்னு யாராச்சும் எழுதுவாங்களாய்யா? அவன் இன்னா செத்தா பூட்டான்?"

"சும்மா கத்தாத."

"கத்தல. போகிக்கு நானே போயி வாங்கிகினு வரேன். உன் வட்டத்த நீயே வச்சி பொங்கு."

கடைசியில் கஜபதிக்கு வழி காட்டியவர் கேன்டீன் மேஸ்திரி ஜோசப்ராஜ். கிறிஸ்துமஸுக்குத் தம் வீட்டில் செய்த கல்கலா பலகாரத்தை எம்.டி. முதற்கொண்டு வாட்ச்மேன் வரை ஒரே மாதிரிப் பொட்டலத்தில் கொடுத்து, அதனாலேயே விவரம் போதாத ஆள் என்று பெயர் வாங்கியவர். "இன்னாத்துக்கு சார் மண்டைய ஒடச்சிக்கிறீங்க? கொத்தவால்சாவடி மார்க்கெட்டு கீது. ஒரு டெம்போ புடிச்சா மேட்டர் முடிஞ்சிது. பூசணிக்காயி வாயத் தொறந்து எந்த ஊருன்னு சொல்லவா போவுது?" என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. நெல்லூர் அரிசி வந்தது, சேலத்து மாம்பழம் பருவமில்லாததால் வரவில்லை, மற்றபடி மாகாணத்தின் எல்லா ஜில்லாக்களும் டெம்போவில் வந்து இறங்கின. ஸ்பிரிங் பெட்டிகளின்மேல் பெயர் அடிக்கும் தகட்டு அச்சை பெயின்ட் செக்‌ஷனில் புதிதாக வெட்டச் சொல்லி, ஒவ்வொரு சாக்கின்மேலும் 'அம்பத்தூர் வட்டார விளைச்சல்' என்று கறுப்பில் அடித்தார்கள். அடியில் நெல்லூர் என்ற எழுத்து கொஞ்சம் தெரியத்தான் தெரிந்தது. சாக்குதான் நெல்லூர், அரிசி நம்முடையது என்று சொல்லக் கஜபதி தயாராக இருந்தார்.

போகி அந்த வருஷம் சனிக்கிழமை வந்தது. கம்பெனியின் அசெம்பிளி ஷெட்டில் தோரணம் கட்டி, இயந்திரங்களுக்குச் சந்தனம் தடவி, நாற்பது கெஸ்ட்டுகளுக்கு மேசை போட்டிருந்தார்கள். ஆபீசர்களே பரிமாற வேண்டும் என்பது ஜப்பானின் இன்னொரு பகுதி. பிறந்ததிலிருந்து கரண்டி பிடிக்காத சீஃப் இன்ஜினியர் ஒரு டீலரின் மடியில் ரசத்தை ஊற்றினார். கஜபதி சாப்பிடவில்லை. அடுப்புக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தார். ஓட்டத்துக்கு நடுவிலும் ஒரு காது மேடையிலேயே இருந்தது.

எம்.டி. பேசினார். மண்ணைப் பற்றிப் பேசினார், வியர்வையைப் பற்றிப் பேசினார். பிறகு, "இன்னிக்கு நீங்க சாப்பிடற சாதம் எங்கேருந்து வந்ததுன்னு நினைக்கறீங்க? நம்ம வெல்ஃபேர் டிபார்ட்மென்ட் கஜபதியோட சொந்த நிலத்துல விளைஞ்சது!" என்றார். கஜபதி அப்படிச் சொன்னதில்லை. முந்தின நாள் எம்.டி. "அரிசி உங்களுதுதானே?" என்று கேட்டபோது தலையை எந்தப் பக்கம் ஆட்டினோம் என்று அவருக்கே நினைவில்லை. நாற்பது பேரும் கைதட்டினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ஜோசப்ராஜ் மட்டும் பூசணிக் கூட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டு, சிலுவை போடாத குறையாக நின்றார்.

கைதட்டல் அடங்கியதும் எழுந்தவர் பேங்க் மேனேஜர் மணவாளன். பேங்குகளை சர்க்கார் எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. விவசாயிகளுக்குக் கடன் கொடு என்று மேலிடம் மாதாமாதம் கடிதம் எழுதியது. அம்பத்தூரில் மணவாளனுக்கு லேத்துக்காரர்கள் அகப்பட்டார்கள், ஃபவுண்டரிக்காரர்கள் அகப்பட்டார்கள், விவசாயி ஒருவன்கூட அகப்படவில்லை. மூன்று வருஷமாகத் தேடியவனைக் கண்ணெதிரே கண்டதுபோல அவர் கஜபதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு ஏக்கரா சார்? எங்கே? நான் இன்னிக்கே பார்க்கணும். பொங்கலுக்கு மறுநாள் ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் அனுப்பணும்."

"இன்னிக்கு எதுக்கு சார், நல்ல நாளும் அதுவுமா..."

"நல்ல நாள்லதான் பார்க்கணும்," என்றார் எம்.டி. "அஞ்சு மைல்தானே! என் கார்லயே போவோம்."

அம்பாசடர் வானகரத்தைத் தாண்டும் வரைக்கும் கஜபதி முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு டயர் பஞ்சராகாதா என்று காத்திருந்தார். புது டயர்கள். இடது பக்கமும் வலது பக்கமும் வயல்கள் வந்தன. இதுதான் என்று எதையாவது காட்டிவிடலாம்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு ஆள் தன் வயலில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தான். அவன் கிட்டே வந்து இரண்டு வார்த்தை கேட்டால் போதும். உலகத்தில் கஜபதிக்காக வாயை மூடிக்கொள்ளக்கூடிய விவசாயி ஒருவன்தான் இருந்தான். கட்டைவிரலால் மறைத்து வைத்த இடத்துக்கே காரை விடச் சொன்னார்.

கார் நின்றதும் முதல் ஆளாக இறங்கி, வரப்பில் ஓடினார். கன்னியப்பன் கால்வாயில் முட்டளவு இறங்கிக் கரைப் பொந்துக்குள் கையை விட்டு நண்டு பிடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், காதக் குடு. அது கம்பெனி மொதலாளி. கூட வர்றவரு பேங்க்கு மேனேஜரு. இந்த நெலம் என்னுதுன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் சமாளி."

கன்னியப்பன் கையிலிருந்த நண்டைச் சட்டிக்குள் போட்டான். "உன்னுதா? என்னுதே இல்லியே மாமே! கோயிலுதாச்சே."

"சாமி வந்து கேக்கப்போறதில்ல. நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்."

"செரி. அப்ப நான் யாரு?"

கஜபதி அதை யோசித்திருக்கவில்லை. "நீ... இங்க வேல செய்யறவன்."

"அத்ததான் மெய்யாலுமே செஞ்சிகினு கீறேன். அதுல இன்னா பொய்யி?" கன்னியப்பனுக்குக் குஷி வந்துவிட்டது. முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். வரப்பில் தடுமாறி வந்துகொண்டிருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி உடம்பை வளைத்துக் கும்பிட்டான். "வாங்க மொதலாளி! எம்மாம் நாளாச்சி நெலத்துல கால் வச்சி! நெல்லு உங்களக் காணாம எளச்சிப் பூட்ச்சி!"

நெல் அறுத்து இருபது நாள் ஆகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

மணவாளன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். சர்வே நம்பர் என்ன என்றார். பத்திரத்தில் இருக்கிறது என்றார் கஜபதி. பத்திரம்? பெட்டியில். "பொட்டி சாவி மொதலாளி அர்ணாக்கயித்துலயே கீது சார்," என்றான் கன்னியப்பன். "தூங்கசொல்ல கூட கயட்டமாட்டாரு." கஜபதி அவனை முறைத்தார். அதையும் அவன் முதலாளியின் முறைப்பாக ஏற்றுக்கொண்டு இன்னொரு கும்பிடு போட்டான்.

கத்திரிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே நடந்த கஜபதி, வரப்பில் ஓரிடத்தில் உடைப்பெடுத்துத் தண்ணீர் வீணே ஓடுவதைப் பார்த்தார். பார்த்ததும் அவர் கால் தானாக அங்கே போய்விட்டது. பாலிஷ் போட்ட ஷூவோடு மண்ணைத் தள்ளி, குதிகாலால் இரண்டு மிதி மிதித்து, குனிந்து ஒரு கை சேறு அள்ளி அப்பி அடைத்தார். பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை கூலிக்குச் செய்த வேலை. நிமிர்ந்தபோதுதான் கையைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா மேனேஜர்?" என்றார் எம்.டி. "மண்ணு ரத்தத்துலயே இருக்கு."

கொல்லையோரம் கன்னியப்பனின் கூரை வீடு போகிக்குச் சாணம் மெழுகிப் பளிச்சென்று இருந்தது. மொதலாளி, மொதலாளி என்று அண்ணன் போட்ட சத்தம் கேட்டு, சொன்னபடியே சீர் வாங்க வந்திருந்த நாகவல்லி உள்ளேயிருந்து கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். முதலில் காரைப் பார்த்தாள். பிறகு கோட்டுப் போட்டவரைப் பார்த்தாள். அப்புறம் கையில் சேற்றோடு நின்ற புருஷனைப் பார்த்து, எதற்கோ சிரிக்க வாயெடுத்தாள்.

"இவங்க யாரு?" என்று கேட்டார் எம்.டி.

கன்னியப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கஜபதியின் முகத்தைப் பார்த்தான். அதுவரை அவனுக்கு அது கூத்து. இந்த இடத்தில் மாமன் கூத்தை முடித்துவிடுவான் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கஜபதியும் நினைத்தார். 'என் சம்சாரம்' என்பது இரண்டே வார்த்தை. ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரனின் சம்சாரம் கூலிக்காரன் வீட்டு அடுப்பில் என்ன செய்கிறாள் என்ற கேள்வி அதற்குப் பின்னாலேயே வரும். அதற்குப் பின்னால் நெல்லூர் வரும், கொத்தவால்சாவடி வரும், இன்டர்வியூ வரும். எவர்சில்வர் தட்டு அப்படியே இருக்கும். அதுகூட இருக்குமா என்பது சந்தேகம்.

"கன்னியப்பனோட தங்கச்சி சார்," என்றார்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. கோர்ட்டில் சத்தியம் பண்ணியும் சொல்லலாம். அந்த நேர்மை ஒரு நிமிஷம் அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

நாகவல்லியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அகப்பையில் ஒட்டியிருந்ததைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டு, "வாங்க சார், குந்துங்க," என்றாள். "போகி நாளும் அதுவுமா வந்துட்டு வெறும் வாயோட போவக்கூடாது."

கன்னியப்பன் பாய் விரித்து மூன்று இலை கொண்டுவந்தான். நாகவல்லி மூன்றாவதை அவன் கையிலிருந்து வாங்கிச் சுருட்டிக் கூரையில் செருகினாள். "அது எதுக்குண்ணா? மொதலாளி நம்ம ஊட்ல கை நனைக்கமாட்டாரு."

எம்.டி.க்கு முகம் சிவந்தது. "என்ன கஜபதி இது? இந்தக் காலத்துல போய்! உங்க ஆளுங்க வீட்டுல சாப்பிட்டா என்ன குறைஞ்சுடும்? ஜப்பான்ல முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசை. நானே சாப்பிடறேன், நீங்க உட்காருங்க."

கஜபதி வேட்டி கட்டியவர்போலப் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை.

"வாணாம் சார், வற்புறுத்தாதீங்க," என்றாள் நாகவல்லி. "அவுருக்கு இது ஒத்துக்காது. பட்டணத்து சாப்பாடு துன்ற ஒடம்பு."

கஜபதி நிமிர்ந்தார்.

கேழ்வரகுக் களி வந்தது. மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு வந்தது. மிளகு தட்டிப் போட்ட நண்டு ரசம் ஆவி பறக்க வந்தது. எம்.டி. களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டவர், அதன்பிறகு ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மணவாளன் சனிக்கிழமைகளில் அசைவம் தொடாதவர். ரசத்தின் மணத்தைக் கொஞ்ச நேரம் எதிர்த்துப் பார்த்தார். பிறகு, "நிலத்துல என்னென்ன கிடைக்குதுன்னு ரிப்போர்ட்ல எழுதணுமே" என்று தமக்கே சொல்லிக்கொண்டு, ஒரு நண்டுக் காலை எடுத்துக் கடித்தார். ரிப்போர்ட்டுக்காக அவர் நான்கு நண்டு தின்றார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார் எம்.டி. "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சி சார். ஊட்டுக்காரரு கம்பெனியில கீறாரு."

"அப்படியா? எந்தக் கம்பெனி?"

"அதெல்லாம் என் வாயில நொயையாது சார். ஆனா ரொம்பப் பெரிய வேல. வேல வேலன்னு பாத்துப் பாத்து அவுருக்குக் கண்ணே மங்கிப் பூட்ச்சி. பக்கத்துல நின்னாகூட ஆளு அடையாளம் தெரியல." ரசத்தை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். "ஊத்திக்க சார், கூச்சப்படாத."

"கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொல்லும்மா," என்றார் எம்.டி. உண்மையான அக்கறையோடு. "கஜபதி, அந்த ஆள் நம்ம எஸ்டேட்ல இருந்தா விசாரிங்க. வெல்ஃபேர்னா அதுவும்தான்."

"சரிங்க சார்," என்றார் கஜபதி.

கன்னியப்பன் சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கை அலம்பத் தண்ணீர் இறைத்தான். இறைத்த வாளியைக் கஜபதியின் பக்கம் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனான். கஜபதியின் கையில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து இழுத்தது. அந்த வாளித் தண்ணீர் விருந்தாளிகளுக்கா தனக்கா என்று தெரியாமல் கஜபதி நின்றார். எம்.டி. வந்து கை கழுவியதும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

புறப்படும்போது நாகவல்லி உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். ஒரு மூட்டை புது அரிசி. ஒரு முறம் மொச்சை. கீற்றுப் போடாத முழுப் பூசணி. மஞ்சள் கொத்து ஒன்று, கொல்லையில் விளைந்தது, மண் உதிராதது.

"இத எடுத்துகினு போங்க சார்."

"அய்யய்யோ, எதுக்கும்மா இவ்வளவு?"

"எங்க அண்ணன் எனக்கு வச்ச சீரு சார். வாங்கி வைக்க அங்க ஊடு இல்ல. நல்ல நாள்ல உள்ளயே கெடந்தா நல்லதில்ல. நீங்க கொண்டு போயி பொங்குங்க."

எம்.டி. நெகிழ்ந்துபோனார். இதைத்தான் ஐயா நான் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதுதான், இதேதான் என்று மணவாளனிடம் சொன்னார். மேசையில் நாற்பது கூடை கொடுத்தோமே, அதில் இது இருந்ததா என்று கேட்டுவிட்டு, கஜபதியைப் பார்த்து, "அதுவும் உங்க நிலத்துதுதான், தப்பா நினைக்காதீங்க" என்று திருத்திக்கொண்டார். டிரைவர் எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றினான். கடைசியாகக் கன்னியப்பன் கால்வாயோரத்திலிருந்து மண்சட்டியைத் தூக்கி வந்தான். உள்ளே நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சுரண்டிக்கொண்டிருந்தன. நாகவல்லி ஒரு பழம்புடவைக் கிழிசலைச் சட்டி வாயில் போட்டு, சணலால் சுற்றிக் கட்டினாள். "டிக்கில வச்சா பூந்துகினு பூடும். முன்னால வைங்க. மொதலாளி புடிச்சிக்குவாரு."

கார் கிளம்பியபோது கஜபதி திரும்பிப் பார்த்தார். நாகவல்லி பாயில் குனிந்து எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவள் மண்ணூர்பேட்டைக்கு வருவாளா, நாளைக்காவது பால் பொங்கும் நேரத்துக்கு வருவாளா என்று கேட்க அந்த இடத்தில் அவருக்கு உறவு ஒன்றும் மிச்சமில்லை.

பின்சீட்டில் எம்.டி. திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். "கஜபதி, காணும் பொங்கல் கழிச்சு புதன்கிழமை காலையில வந்து ஆர்டரை வாங்கிக்குங்க. இனிமே வெல்ஃபேர் உங்க பொறுப்பு."

"ரொம்ப நன்றிங்க சார்."

"மண்ணோட மனுஷன்தான் மனுஷங்களைப் பார்த்துக்க முடியும், என்ன மேனேஜர்?"

மணவாளன் தூக்கத்தில் ஆமாம் என்றார்.

ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் சணல் கொஞ்சம் தளர்ந்தது. இரண்டு ஷூக்களுக்கு நடுவில் சட்டியை இறுக்கிக்கொண்டு, துணியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி வந்தார் கஜபதி. வானகரம் திருப்பத்தில், நைந்த துணியைக் கிழித்துக்கொண்டு ஒரு கொடுக்கு மேலே வந்தது. நிதானமாக அவருடைய சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டது. கையை எடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். டிரைவருக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் எம்.டி.யின் முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. கஜபதியும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.